நான்காம் தீர்மானம்

படிவத்தில் ஆறாவது கேள்வி:
இளம் விவசாயிகள் கழகத்தில் சேர விரும்பும் காரணம்.
இரண்டு புள்ளிக்கோடு விட்டிருந்தார்கள்.
'விவசாயத்தில் ஆர்வம்' என்று எழுதினேன்.
எல்லாரும் அதைத்தான் எழுதினார்கள்,
டிலோஜினியைப் பார்த்து.
வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடமும் கணிதம் என்பதற்கு
அந்தப் புள்ளிக்கோட்டில் இடம் காணாது.

ஏழாவது: குடும்பத்தின் காணி அளவு.
இரண்டு ஏக்கர்.
அதில் ஒன்றரை, வனத்திணைக்களம் நட்ட
கல்லுக்கு அந்தப் பக்கம்.
எந்தப் பக்கத்தை எழுத என்று கேட்டேன்.
"பென்சிலால எழுது" என்றான் கபிலக்சன்.

எட்டாவது: பெற்றார் கையொப்பம்.

புதுக்குடியிருப்பு ஆடைத் தொழிற்சாலை பஸ்
முத்தையன்கட்டு இடதுகரையில் அம்மாவை இறக்கிவிட
இரவு ஏழு மணியாகும்.
விரலில் ஒட்டிய நூலை உருட்டியபடி வாசித்தா.
"கச்சான் போட்டுக் கொப்பர் பட்ட கடன்
இன்னும் கிழமைக்குக் கிழமை மோட்டச்சைக்கிளில வருது.
நான் மெசினுக்கு ஓடினது
நீ மண்வெட்டி பிடிக்கவோ?"
நாலாய் மடித்து
சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்தா.
கிழிக்கவில்லை.
அதைக் கவனித்தேன்.

கையொப்பம் இல்லாமலே
இருபத்து மூன்றாம் இலக்க உறுப்பினர் ஆனேன்,
பெயருக்குப் பக்கத்தில் 'தற்காலிகம்'.
கணிதத்துக்கு ஒளித்து வந்தவளைப் பிடித்து
பொருளாளர் ஆக்கினார்கள்.

ஆய்வுகூடத்துக்குப் பின்னால் பாத்தி.
மண்வெட்டி மூன்று, பிள்ளைகள் இருபத்து மூன்று.
கிரவல் மண். கொத்தினால் கைதான் அதிர்ந்தது.
வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளை
பரீட்சை நேரசூசிக்குப் பக்கத்தில் ஒட்டினோம்.
பயித்தை முளைத்தது. அறுபத்தொன்று.
எண்ணியது நான். மூன்று தரம்.

காய் பிடித்த கிழமை குரங்கு வந்தது.

கூட்டறிக்கை, யதுர்சிகாவின் சரிந்த எழுத்தில்:
முதலாம் தீர்மானம், யானைவெடி கொளுத்துவது. காசில்லை.
இரண்டாம் தீர்மானம், முறைவைத்துக் காவல்.
பாடநேரத்தில் யார் என்று சண்டை.
மூன்றாம் தீர்மானம், அதிபரிடம் சொல்வது. சொன்னோம்.
அவருடைய பப்பாசியும் போய்விட்டதாம்.
நான்காம் தீர்மானம், குரங்கு பற்றி
அடுத்த கூட்டத்தில் பேசப்படும்.

அன்றிரவு சோறு போடும்போது அம்மா கேட்டா:
"எத்தினை போச்சு?"
"இருபத்தெட்டுக் கொடி."
"மிச்சம்?"
கழித்துச் சொன்னேன்.
வேறொன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஒரு ஷொப்பிங் பையோடு வந்தா.
உள்ளே வெட்டி எறிந்த துணி ஓரங்கள்:
செம்மஞ்சள், பாசிப்பச்சை, ஒரு பளபளக்கிற நீலம்.
எந்தக் குளிர்நாட்டிலோ எவனோ போடப்போகிற
சேர்ட்டின் கழிவு.
"காத்தில ஆடினா பயப்பிடுமாம்.
லைனில பக்கத்துப் பிள்ளை சொன்னவள்."
படிவம் பற்றிக் கதையே இல்லை.

பந்தல் கம்பி முழுக்கக் கட்டினோம்.
கலியாண வீடு மாதிரி ஆடியது பாத்தி.
நாலு நாள் ஒன்றும் வரவில்லை.
ஐந்தாம் நாள்
தண்ணீர்த் தாங்கியின் மேல் ஒரு குரங்கு
செம்மஞ்சள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு
எங்கள் பயித்தங்காயைக் கடித்தது,
சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி.

நாங்கள் சிரித்த சிரிப்பில்
ஒன்பதாம் வகுப்பு ரீச்சர் எட்டிப் பார்த்தா.

இருந்ததைப் பிடுங்கினோம். ஒரு கிலோ முந்நூறு கிராம்.
மதியச் சாப்பாடு சமைக்கும் அக்கா
முந்நூற்றுத் தொண்ணூறு ரூபா தந்தா.
வரவு எழுதினேன்.
செலவுப் பக்கத்தில் 'துணி' என்று எழுதி
விலைக்குத் தடுமாறி
பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

வீட்டில் சீனிப் போத்தலைத் தூக்கினேன்.
படிவம் அப்படியே. விரித்தேன்.
எட்டாவது கோட்டில் ஒன்றுமில்லை.
ஏழாவது கேள்வியின் மேல்
ஒரு எறும்பு, ஒரு துணிக்கைச் சீனியோடு,
கல்லுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"மூடிய இறுக்கிப் பூட்டு" என்றா அம்மா குசினிக்குள்ளிருந்து,
"பிறகு,
அடுத்த போகத்துக்கு என்ன போடுறியள்?"